பதினேழாம் நம்பர் வீடு

கம்ப்யூட்டர் தன் தட்டை நீட்டி மூன்றாவது சிடியையும் வெளியே தள்ளியபோது மணி ஒன்பது நாற்பது. ஒன்பதரையும் இல்லை, ஒன்பதே முக்காலும் இல்லை, ஒன்பது நாற்பது. முப்பது வருஷமாகப் பஸ் டிப்போவில் டைம்கீப்பர் நாற்காலியில் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்குக் கிளம்பியது என்று எழுதியே பழகிய மனுஷருக்கு நேரம் அப்படித்தான் மண்டையில் ஏறும். சிடியை எடுத்துத் துடைத்து மறுபடியும் உள்ளே போட்டுக் கேட்டார். அவருடைய குரல்தான் வந்தது, ஆனால் திக்கித் திக்கி வந்தது. "தபால்கா... தபால்கா... காரர் அந்தத் தெரு... தெரு..." எந்த வேகத்தில் எழுதட்டும் என்று கம்ப்யூட்டர் மரியாதையாகத்தான் கேட்டது. இருப்பதிலேயே பெரிய நம்பரான ஐம்பத்திரண்டைத் தட்டியது இவர் அவசரம். அந்த அவசரம் இப்போது பல்லை இளித்தது.

சாப்பாட்டு மேஜையின் மறுமுனையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மனைவி அந்த சிடியைக் கேட்டு வாங்கினாள். ஜன்னல் பக்கம் திருப்பி முகம் பார்த்தாள். பிறகு தண்ணீர் டம்ளர் ஒன்றின் மேல் வைத்தாள். ஏற்கெனவே இரண்டு டம்ளர்கள் அப்படி மூடிக்கிடந்தன.

"மூணு டம்ளருக்கும் மூடி ஆச்சு. ஜக்குக்குத்தான் கொஞ்சம் பெருசா வேணும், பாத்து ஒண்ணு பண்ணுங்க."

"நீ வேற. நானே வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. அக்கா வீட்டுக்காரர்.

"மாப்ளே, ஆச்சா இல்லையா? உங்க அக்கா காலையிலேருந்து ரெண்டு தடவை தலையைத் தூக்கிட்டா. நான் பாத்தது ரெண்டு. பாக்காதது எத்தனையோ, யாருக்குத் தெரியும்?"

"தோ ஆயிடுச்சு மாமா. அரை மணி நேரம்."

"இதே அரை மணி நேரத்தை எட்டு மணிக்கும் சொன்னீங்க." போன் வைக்கப்பட்டது.

விஷயம் இதுதான். அவருடைய அக்காவுக்கு ஒரு கண் போய்ப் பல வருஷம் ஆகிறது. மிச்சம் இருந்த ஒரே கண்ணில், உள்ளே பின்பக்கம் ஒட்டியிருக்க வேண்டிய சவ்வு பிரிந்துவிட்டது. முந்தாநாள் ஆப்பரேஷன். சவ்வை ஒட்டவைத்து, அது மறுபடி பிரியாமல் அழுத்திப் பிடித்துக்கொள்ளக் கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை விட்டிருக்கிறார்கள். குமிழி மேலே மேலேதான் போகும் என்பதால் முகம் எப்போதும் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம் எல்லாம் குப்புறத்தான். பத்து நாள். "தலையைத் தூக்கினா குமிழி நகரும். நகர்ந்தா ஒட்டினது பிரியும். பிரிஞ்சா அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்று டாக்டர் சுருக்கமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

வேறு யாரையாவது குப்புறப் படுக்கச் சொல்லியிருந்தால் படுத்திருப்பார்கள். அக்காவுக்குச் சொன்னதுதான் வம்பு. முப்பத்து மூன்று வருஷம் தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தவள் அவள். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை அந்தத் தெருக்களைச் சுற்றிவிட்டு வந்தால்தான் சோறு இறங்கும். உட்கார்ந்தால் வலது பாதம் தாளம் போடும், படுத்தால் கட்டில் கம்பியை உதைக்கும். செல்போனைக் கையில் கொடுத்தார்கள். பேசுகிற சுவாரசியத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள், பிடுங்கிக்கொண்டார்கள். ரேடியோ வைத்தார்கள். செய்தி வாசிக்கிறவரோடு சண்டைக்குப் போய்த் தலையைத் தூக்கினாள், அதையும் அணைத்தார்கள். மிஞ்சியது கட்டிலுக்கடியில் தரையில் வைத்திருக்கும் பழைய சிடி பிளேயர் ஒன்றுதான். கண் தெரியாவிட்டாலும் தொங்குகிற கைக்குத் தட்டுப்பட வேண்டும் என்று, அதைப் பாடவைக்கிற பொத்தான் மேல் மாமா ஒரு துண்டு உப்புத்தாளை ஒட்டிவைத்திருந்தார்.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் அக்கா இவரைக் கூப்பிட்டனுப்பினாள். "பாட்டெல்லாம் வேணாம்டா, பாட்டு கேட்டா எனக்குக் காலு நிக்காது. நீ அந்தப் பதினேழாம் நம்பர் கதையைச் சொல்லி சிடியில போட்டுக் குடு. முடிச்சுக் குடு. நாப்பத்தேழு வருஷமா பாக்கி நிக்குது."

அவளுக்குப் பதினொரு வயசிலும் இவருக்கு ஒன்பது வயசிலும் நடந்த கதை அது. அவளுக்கு மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் படுக்கையை விட்டு எழக்கூடாது என்றார்கள். காவலுக்கு இவரை உட்காரவைத்தார்கள். இவர் ஒரு கதை கட்டினார். ஒரு தபால்காரர், கையில் ஒரே ஒரு கடிதம், பதினேழாம் நம்பர் வீட்டுக்கு. தெருவில் பதினாறாம் நம்பர் இருக்கிறது, அதை ஒட்டியே பதினெட்டாம் நம்பர் இருக்கிறது, பதினேழைக் காணோம். தபால்காரர் ஒவ்வொரு வீடாகத் தட்டி விசாரிக்கிறார். தினம் ஒரு வீடு. மேலே என்ன சொல்வதென்று தெரியாமல் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் இவர் "மீதி நாளைக்கு" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிடுவார். மூன்று வாரம் முடிந்து அவள் எழுந்து ஓடினாள், கதை பதினாறாம் வீட்டு வாசலிலேயே நின்றுபோனது. "அந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் நான் தபால் வேலைக்கே சேர்ந்தேன்" என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அன்றிலிருந்து இவருக்கு வீட்டில் பட்டப்பெயரே 'நாளைக்கு' என்று ஆனது. பெயர் பொருத்தமும் சும்மா இல்லை. டிப்போவில் ஒரு வண்டி ஒரு நிமிஷம் தாமதமானால் குதிக்கிற மனுஷர், வீட்டில் எதையும் முடித்துவைத்த சரித்திரம் கிடையாது. பாதி பெயிண்ட் அடித்த ஜன்னல் ஆறு வருஷமாக அப்படியே இருக்கிறது. குளியலறைக் குழாயில் தற்காலிகமாகக் கட்டிய கயிறு மூன்று தடவை மாற்றப்பட்டு நிரந்தரமாகிவிட்டது. எல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்தான்.

சிரிப்பாக இருந்ததெல்லாம் போன மாதம் வரைக்கும்தான். பதினெட்டு நாளைக்கு முன்னால் மாமா வேலை விஷயமாக வெளியூர் போயிருந்த சமயம் அக்கா இவருக்கு போன் பண்ணினாள். "கண்ணுல ஓரமா ஒரு திரை இறங்கற மாதிரி இருக்குடா. தனியாப் போக பயமா இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா?" இவர் சொன்னார், "நாளைக்குப் போலாம்க்கா." மறுநாளும் அதையே சொன்னார். டிப்போவில் ஆள் குறைவு, அட்டவணை மாற்றம், அது இது என்று ஐந்து நாள் சொன்னார். ஆறாம் நாள் போனபோது திரை பாதிக் கண்ணை மூடியிருந்தது. "நாலஞ்சு நாள் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு சிக்கல் இல்ல" என்று டாக்டர் சொன்னபோது அக்கா முந்திக்கொண்டு, "நான்தான் டாக்டர் அசட்டையா இருந்துட்டேன்" என்றாள். காட்டிக்கொடுக்கவில்லை. அவள் நாலு பேர் முன்னால் வைது தீர்த்திருந்தால் இவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அன்றிலிருந்து அந்த வார்த்தை இவர் வாயில் வருவதில்லை. மனைவி கவனித்துவிட்டாள். பால்காரருக்கு என்ன சொல்ல என்று கேட்டால் "விடிஞ்சதும்" என்கிறார். டிரைவர் ஒருவர் விடுப்பு கேட்டதற்கு "ஞாயித்துக்கிழமை எடுத்துக்க" என்றாராம். அன்று சனிக்கிழமை.

கதையை மூன்று நாளாகப் பதிவு செய்தார். துணி அலமாரியைத் திறந்து, தலையைச் சட்டைகளுக்கு நடுவில் நுழைத்துக்கொண்டு, மைக்கில் பேசினார். அங்கேதான் தெருச் சத்தம் வராது. எழுபது நிமிஷம் வந்தது. பதினாறு வீட்டையும் தட்டியாகிவிட்டது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு விசித்திரமான ஆள், ஒரு பொய்யான வழி. ஆனால் பதினேழாம் நம்பர் வந்தபாடில்லை. சிடியில் எண்பது நிமிஷம் பிடிக்கும். முடிவுக்கென்று பத்து நிமிஷம் ஒதுக்கிவைத்துவிட்டு மைக் முன்னால் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. நாற்பத்தேழு வருஷம் காத்திருந்தவளுக்கு அந்தக் கதவைத் திறந்து எதைக் காட்டுவது? சரி, இருக்கிற வரைக்கும் எழுதிவிடுவோம், முடிவு தோன்றும்போது அதே சிடியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார். இந்தத் தீர்மானம்தான் காலையிலிருந்து அவரை ஆட்டிப்படைத்தது.

முதலில் இன்டர்நெட்டில் தேடி, 'முழுவதும் இலவசம்' என்று ஐந்து நட்சத்திரம் போட்டிருந்த மென்பொருள் ஒன்றை இறக்கினார். அது பாதி வரைக்கும் சமர்த்தாக எழுதியது, பாதியில் நின்று, மேற்கொண்டு எழுத வேண்டுமானால் பதிவு செய்துகொள் என்றது. முதல் சிடி போயிற்று. அடுத்தது, கம்ப்யூட்டரிலேயே கூட வந்த வசதி. அது ஒரு கேள்வி கேட்டது: இந்த சிடியைப் பென் டிரைவ் மாதிரி பயன்படுத்தப் போகிறாயா, பிளேயரில் போட்டுக் கேட்கப் போகிறாயா? பென் டிரைவ் என்றால் பின்னால் சேர்க்கலாம், அழிக்கலாம் என்று எழுதியிருந்தது. பின்னால் சேர்க்கலாம் என்ற ஒரு வார்த்தை போதாதா இவருக்கு? அதையே அமுக்கினார். கோப்பு போய் உட்கார்ந்தது. இந்த மாதிரி சிடி பழைய பிளேயரில் பாடவே பாடாது என்று பிறகுதான் தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரம்மா போனில் சொன்னார். சொன்ன கையோடு, சின்னதாக ஒரு மென்பொருளின் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். ஆடியோ சிடி என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று இரண்டு விஷயம் சொன்னார். இரண்டாவதை இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அதற்குத்தான் மூன்றாவது டம்ளருக்கு மூடி கிடைத்தது.

நான்காவது சிடியைப் போட்டார். ஆடியோ சிடி. வேகம் எட்டு. எல்லாம் ஆயிற்று, தொடங்கு என்ற பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், அதில் டிக் போட்டிருந்தது. எதிரில் 'ஃபைனலைஸ்' என்று ஒரு வார்த்தை. முன்னால் மூன்று தடவையும் கண்ணில் படாத வார்த்தை. இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். ஃபைனல் என்றால் முடிவு. முடிவுதான் இன்னும் வரவில்லையே! முடிவு வராத கதையை முடிந்துவிட்டது என்று எப்படி எழுதிக் கொடுப்பது? ஒரு வண்டி வந்து சேராமல் வந்துவிட்டது என்று இவர் வாழ்க்கையில் எழுதியதில்லை. டிக்கை எடுத்துவிட்டார்.

பத்து முப்பத்தைந்துக்கு சிடி வெளியே வந்தது. போட்டுக் கேட்டால் குரல் கணீரென்று வருகிறது. மனைவிகூட உரித்த பட்டாணியை விட்டுவிட்டு, மூன்றாம் வீட்டுக் கதவு திறக்கிற வரைக்கும் நின்று கேட்டாள்.

"பரவாயில்லையே, நல்லாத்தான் அளக்கறீங்க."

சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே படியிறங்கி ஓடினார். பஸ் மூன்று நிமிஷம் தாமதம். வேறொரு நாளாக இருந்தால் டிரைவரிடம் கேள்வி கேட்டிருப்பார், இன்று மடியில் சிடியை வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கா படுத்திருந்த அறையில் திரைச்சீலை இழுத்துவிடப்பட்டிருந்தது. கட்டிலின் தலைமாட்டில் ஒரு ரப்பர் வளையம், அதற்குள் முகம். பின்னந்தலையில் கட்டின் முடிச்சு. கட்டிலின் கால்மாட்டில் வலது பாதம் கம்பியை டங் டங்கென்று உதைத்துக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா?" குரல் வளையத்துக்குள்ளிருந்து தரையில் பட்டு வந்தது. "செருப்பு சத்தத்துலயே தெரியும். சிடி கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேன்க்கா."

"முடிவு இருக்குல்ல? முடிவைக் கேட்டுட்டு ஒரு நிமிஷம் எழுந்து உக்காந்து, மனுஷி மாதிரி ஒரு டீ குடிக்கணும்டா. ஒரே நிமிஷம். அவ்வளவுதான் ஆசை."

மாமா வாசற்படியில் நின்றபடி இவரைப் பார்த்துக் கையை விரித்தார். இவர் தரையில் குந்தி சிடியைப் போட்டார். அக்காவின் கை தடவித் தடவி வந்து உப்புத்தாளைக் கண்டுபிடித்து அமுக்கியது. பிளேயருக்குள் ஏதோ சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. சின்ன ஜன்னலில் பச்சை எழுத்து வந்தது.

"என்னடா சொல்லுது?"

"சிடியே இல்லங்குது."

"நீ போட்டியா இல்லையா?"

"போட்டேன்க்கா. வீட்ல நல்லாப் பாடிச்சு." எடுத்தார், ஊதினார், சட்டையில் துடைத்தார், போட்டார். சிடி இல்லை. திருப்பித் திருப்பிப் போட்டார். இல்லை, இல்லை என்றே அது சாதித்தது.

"தள்ளு, நான் பாக்கறேன்" என்று அக்கா எழப்பார்த்தாள். வளையத்திலிருந்து நெற்றி விலகிவிட்டது. "அய்யோ!" என்று மாமா அலறினார். இவர் என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே கையை நீட்டி அவள் பின்னந்தலையைப் பிடித்துக் கீழே அழுத்தினார். அழுத்தியபடியே இருந்தார். விவரம் தெரிந்த நாளிலிருந்து அக்காவின் தலையில் இவர் கை வைத்ததில்லை. முடி மெலிந்திருந்தது, உள்ளே சூடாக இருந்தது.

"என்னால முடியலடா" என்றாள் அக்கா. சண்டைக்காரக் குரல் போய், வேறொரு குரல் வந்தது. "நடந்த காலுடா இது. தரையைப் பாத்துப் படுன்னாங்க, படுத்திருக்கேன். அந்தத் தரையும் தெரியல. ரெண்டு நாளே இப்படின்னா மிச்சம் எட்டு நாளு எப்படி? எனக்கு நம்பிக்கை இல்லடா. நானே கெடுத்துக்கப் போறேன்."

கெடுத்தது நீ இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மாமா பக்கத்தில் நின்றார், அந்த ஐந்து நாள் விஷயம் அவருக்குத் தெரியாது. "தோ வந்துடறேன்க்கா, தலையை மட்டும் தூக்காதே" என்றுதான் சொல்ல முடிந்தது. கோழைத்தனம்தான், என்ன செய்வது.

நேராகக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். கடைக்காரம்மா ஒரு பிரிண்டரின் வயிற்றைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தார். இவர் நீட்டிய சிடியைத் தன் கம்ப்யூட்டரில் போட்டு, இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, புருவத்தை உயர்த்தினார்.

"திறந்தே கிடக்கே சார்! ஃபைனலைஸ் பண்ணலையா?"

"எப்படிம்மா பண்றது? முடிவே இன்னும் சொல்லலையே."

"எதுக்கு முடிவு?"

"கதைக்கு."

கடைக்காரம்மா இவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் பிரிண்டர் மேல் சாய்ந்துவிட்டார். "சார், சார்... ஃபைனலைஸ்னா சிடியை மூடறது. கதையை இல்ல. மூடினாத்தான் மத்த பிளேயருக்கெல்லாம் அதைப் படிக்கத் தெரியும். மூடாத சிடி எழுதின இடத்துலதான் பாடும், அடுத்த வீட்ல வாயைத் திறக்காது. குடுங்க, நானே மூடித் தரேன், ரெண்டு நிமிஷம்."

"மூடினா அப்புறம் சேக்க முடியாதா?"

"முடியாது. அதனால என்ன? மீதிக்கு வேற சிடி இல்லையா?"

இவர் கையை நீட்டி சிடியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கடை வாசலில் நின்றார். ஒரு வண்டி போயிற்று, எத்தனை மணி வண்டி என்று பார்க்கத் தோன்றவில்லை. இந்த எழுபது நிமிஷத்தை மூடிக்கொண்டுபோய்க் கொடுத்தால் அக்கா எழுபது நிமிஷத்தில் கேட்டு முடிப்பாள். முடிவையும் சேர்த்துக் கொடுத்தால் எண்பது நிமிஷம். அப்புறம்? எழுந்து உட்கார்ந்து டீ குடிப்பாள். காமாலையில் கிடந்த மூன்று வாரமும் அந்த அடங்காப்பிடாரி எப்படிப் படுத்திருந்தாள் என்று இத்தனை வருஷத்தில் இவர் யோசித்ததே இல்லை. தன் கதையின் அழகில் மயங்கிக் கிடந்தாள் என்று நினைத்திருந்தார், மடையன். கதை அழகில் ஒன்றும் இல்லை. அவளைக் கட்டிப்போட்டது மீதிதான். மீதியும், அதற்குப் பின்னால் வருகிற அந்த வார்த்தையும்.

வீட்டுக்கு வந்ததும் நேரே அலமாரியைத் திறந்தார். கம்ப்யூட்டரில் பதிவை ஓடவிட்டு, மூன்றாம் வீட்டுக் கதவு திறந்து ஒரு கை மட்டும் வெளியே நீளுகிற இடத்தில் வெட்டினார். இருபத்திரண்டு நிமிஷம். இதற்குக் கடைசியில் இரண்டே வார்த்தை சேர்க்க வேண்டும். மைக்கைப் பிடித்துக்கொண்டு சட்டைகளுக்குள் தலையை நுழைத்தார். வரவில்லை. இருமினார். தண்ணீர் குடித்தார், டம்ளரிலிருந்து மூடியை எடுத்து வைத்துவிட்டு. மறுபடி நுழைத்தார். ஐந்து நாள், ஐந்து தடவை, அதே வார்த்தை, போனில் அவளிடம் சொன்னது. இதை இப்போது சிடியில் எழுதி, அவள் காதுக்கடியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். கேட்டதும் அவளுக்கு எது ஞாபகம் வரும்? காமாலையா, கண்ணா? அலமாரிக்குள் நின்றபடி அவர் அழுதார். சட்டைக் கை ஒன்றிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே மனைவி அடுப்பை அணைத்துவிட்டுச் சத்தம் வராமல் நின்றாள். பிறகு, "சொல்லிடுங்க. நான் பதிமூணு நாளா அந்த வார்த்தைக்குக் காத்திருக்கேன். வீடு வீடாவே இல்ல" என்றாள்.

சொன்னார். ஒரே தடவையில் சொன்னார்.

ஐந்தாவது சிடி. ஆடியோ. வேகம் எட்டு. கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தார். எழுதி முடித்ததும் கம்ப்யூட்டர் உடனே விடவில்லை, மூடிக்கொண்டிருக்கிறேன், பொறு என்று ஒரு கோடு நகர்ந்தது. அந்த இரண்டு நிமிஷமும் நாற்காலிக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தார்.

அக்கா வீட்டில் மூன்று பத்துக்கு சிடியைப் போட்டார். உப்புத்தாளில் விரல் அமுங்கியது. சுற்றியது, தயங்கியது, பச்சை எழுத்து மாறி ஒன்று என்று நம்பர் வந்தது. பிறகு குரல். "ஒரு ஊர்ல ஒரு தபால்காரர். கையில ஒரே ஒரு கடுதாசி." மாமா சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். இவர் கால்மாட்டில் நின்று பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வீட்டில் அது கம்பியை உதைத்தது. முதல் வீட்டுக் கிழவர், பதினேழா, அது போன வருஷம் வரை இங்கேதான் இருந்தது என்றபோது அக்கா களுக்கென்று சிரித்தாள். இரண்டாம் வீட்டில் உதை மெதுவாயிற்று. மூன்றாம் வீட்டுக் கதவைத் தபால்காரர் தட்டியபோது பெருவிரல் மட்டும் கம்பியைத் தொட்டுத் தொட்டு விலகியது.

"கதவு பாதிதான் திறந்துச்சு. உள்ளேருந்து ஒரு கை மட்டும் வெளிய வந்துச்சு. அந்தக் கையில பாத்தா..." பிளேயருக்குள் ஒரு மூச்சு கேட்டது, சட்டைகளுக்கு நடுவில் இவர் விட்ட மூச்சு. "மீதி நாளைக்கு."

சிடி சுற்றி நின்றது. இவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அக்காவின் தோள் குலுங்கியது, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

"அடப்பாவி!" என்றாள் தரையைப் பார்த்து. கை ஓங்கித் தரையில் ஒரு அறை விட்டது. "படுபாவி, நீ உருப்படுவியாடா? எனக்குத் தெரியும்டா, நீ இப்படித்தான் பண்ணுவேன்னு எனக்குத் தெரியும்! அந்தக் கையில என்னடா இருந்துச்சு?"

தலை வளையத்திலேயே இருந்தது.

"நாளைக்குக்கா" என்றார் இவர்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"ஒன்பது நாப்பது."

"ஒரு நிமிஷம் தப்பக்கூடாது. தப்பிச்சுன்னா எழுந்து நடந்து உன் வீட்டுக்கே வந்துடுவேன், சொல்லிட்டேன்." பிறகு வேறு குரலில், "அன்னைக்கு நீ வராத அஞ்சு நாளும் இப்படித்தான் மணி பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றாள்.

மாமா தலை நிமிர்ந்து இவரைப் பார்த்தார், பிறகு மெதுவாக எழுந்து டீ போடப் போனார். இன்னும் எட்டு நாள் இருந்தது. கையிலிருக்கிற கதை இன்னும் இரண்டு நாளுக்குத் தாங்கும், அதற்கு மேல் அந்தத் தெருவில் புதிதாக வீடுகள் கட்டியாக வேண்டும். பதினேழாம் நம்பரில் யார் இருக்கிறார்கள் என்று இவருக்கு இப்போதும் தெரியாது. திங்கட்கிழமை டாக்டர் கண்ணைப் பார்த்து என்ன சொல்வார் என்பதும் தெரியாது.

கட்டிலிலிருந்து தொங்கிய கை தரையில் ஊர்ந்து வந்தது. விரல்கள் பிளேயரின் ஓரத்தைத் தடவி, உப்புத்தாளைத் தேடிப் பிடித்து, மறுபடி அமுக்கின. ஒரு ஊர்ல ஒரு தபால்காரர். கால்மாட்டில் அந்த வலது பாதம், உள்ளங்கால் மேலே தெரிய, வெடிப்பும் காய்ப்புமாக, கம்பிக்கு ஒரு விரல் தள்ளி அசையாமல் கிடந்தது.